இழுப்பு மிஷின் விற்ற காலம்

அரிசிக் கடையில் நிற்பவனிடம் "இதைப் பொங்கித் தின்று காட்டு, அப்புறம் வாங்குகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை. தேகப்பயிற்சிச் சாமான் விற்கிறவனிடம் வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்வார்கள். கடையில் நின்று பிழைத்தவர்களே, உங்களுக்குக் கால் வலித்திருக்கும். எனக்குக் கால், கை, தோள், முதுகு எல்லாம் வலித்தது.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள். தென்காசியில் சைக்கிளும் கிராமபோனும் கால்பந்தும் விற்கும் கடையில் நான் வேலை பார்த்தேன். எங்கள் முதலாளி சண்முகம் மதராஸுக்குப் போனபோது ஒரு புதுச் சரக்கைக் கண்டு மயங்கிவிட்டார். கர்லாக்கட்டை சுற்ற வேண்டாம், கோதாவுக்குப் போக வேண்டாம், வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் நின்று உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்ற சாமான். மூன்று தினுசில் வந்தது. இரண்டு கைப்பிடிக்கு நடுவே ஐந்து ஸ்பிரிங் கோத்து, நெஞ்சுக்கு முன்னால் பிடித்து விரிப்பது ஒன்று. சுவரில் கப்பி அடித்து, தடித்த ரப்பர் கயிறு ஓட்டி இழுப்பது இன்னொன்று. பெண்களுக்கென்று மெல்லிய ரப்பர் கயிறாக வந்தது மூன்றாவது. எதை எடுத்தாலும் இழுக்கத்தான் வேண்டும் என்பதால் ஊர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தார்கள்: இழுப்பு மிஷின். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதும், பனியனோடு நின்று இழுத்துக் காட்டுவதும் என் வேலை. புது ரப்பரின் அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் தோள்பட்டை தானாக நிமிர்ந்துகொள்கிறது.

பெயரால் வந்த வினை

சரக்கு வந்து இறங்கிய முதல் வாரம். இலஞ்சியிலிருந்து ஒரு அம்மாள் வில்வண்டியில் வந்து இறங்கினார். நேரே என்னிடம் வந்து, "இழுப்புக்கு மிஷின் வந்திருக்காமே, எடுத்துக் காட்டுங்க" என்றார். வாங்கவே வந்துவிட்டாரே என்ற சந்தோஷத்தில் மூன்றையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். யாருக்கு என்று கேட்டேன். வீட்டுக்காரருக்கு என்றார். வயசு கேட்டேன், உடல்வாகு கேட்டேன். "ஒல்லிதான். ராத்திரி படுக்க முடியல, உக்காந்தேதான் இருக்காரு" என்றார். வேலைக் கவலை போலிருக்கிறது என்று நினைத்து, ஐந்து ஸ்பிரிங்கையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டினேன். முகம் சிவந்து, மூச்சு வாங்கி, வேர்த்து நின்றேன்.

அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்களுக்கும் இருக்கா? எத்தனை வருசமா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டுக்காரருக்கு இருந்தது மூச்சிழுப்பு. உள்ளேயிருந்து முதலாளி ஓடி வந்தார். இது வேறே இழுப்பு, நெஞ்சு அகலமாகும், காலப்போக்கில் அதற்கும் நல்லதுதான் என்று சமாளிக்கப் பார்த்தார். அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார். வாசலில் நின்று திரும்பிச் சொன்னார்: "இருக்கிற இழுப்பு போதாதுன்னு இன்னொண்ணையும் வாங்கிட்டுப் போகச் சொல்லுதியளா?"

சட்டையைக் கழற்றாதீர்கள்

சாரல் விழ ஆரம்பித்ததும் முதலாளி குற்றாலத்தில் ஒரு தட்டிக் கடை போட்டுவிடுவார். சீசனுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்து, அருவியில் நின்று, வயிறு நிறையச் சாப்பிட்டு, 'உடம்பைக் கவனிக்க வேண்டும்' என்று ஒரு ஞானம் பிறந்து திரிகிற இடம் அது. அதைவிட நல்ல சந்தை எங்களுக்கு ஏது?

சிவகிரிப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஐந்தருவியில் குளித்துவிட்டு, துண்டை மட்டும் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். நல்ல ஆகிருதி. நெஞ்செல்லாம் கரடிக்கு இருப்பதுபோல் ரோமம். மூன்று ஸ்பிரிங் மாட்டித் தருகிறேன், ஒரு சட்டை போட்டுக்கொண்டு இழுங்கள் என்று நான் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டார். "அஞ்சையும் மாட்டும்வே" என்றார். மாட்டினேன். இரண்டு கையையும் அவர் விரித்தது பார்க்க அழகாகத்தான் இருந்தது, கூட்டம்கூடக் கைதட்டியது. சுருங்கும்போதுதான் வினை. ஐந்து ஸ்பிரிங்கும் ஆளுக்கொரு கொத்து ரோமத்தைப் பிடித்துக்கொண்டன. மறுபடி விரித்தால் வலி, விட்டால் அதைவிட வலி. சாமி கும்பிடுகிறவர் மாதிரி அசையாமல் நின்றார். நான் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றினேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தெய்வத்தைக் கூப்பிட்டார்.

தள்ளி நின்ற காருக்குள் இருந்த அவர் சம்சாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்கத் தயாராக நின்றேன். மிராசுதார் துண்டால் நெஞ்சை மூடிக்கொண்டு, கடையில் தொங்கிய மற்றதையும் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எங்க மாப்பிள்ளை கொஞ்சம் துள்ளுதாரு. அவருக்கு இதுல ஒண்ணு பொதிஞ்சு கொடும்."

எல்லையில் ஒரு பயிற்சி

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். நம் ஊருக்கும் அதற்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் சுங்கச்சாவடி. ஒரு மர வியாபாரிக்குக் கொடுப்பதற்காக ஐந்து ஸ்பிரிங் சாமானைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு குதிரை வண்டியில் போனேன். சாவடியில் நிறுத்திப் பெட்டியைத் திறந்தார்கள். "இது எந்தா?" என்று ஒரு காவலர் கேட்டார். சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு மேலாளைக் கூப்பிட்டார். இரும்புச் சாமான் என்றால் ஒரு வரி, மருந்து என்றால் ஒரு வரி. ஸ்பிரிங்கைச் சுண்டிப் பார்த்த இன்னொருவர், சத்தம் நன்றாக வருகிறது, வாத்தியமாக இருக்கும் என்றார்.

கடைசியில் நான் வழக்கம்போல இழுத்துக் காட்டினேன். உடனே மேலாளுக்கு ஆசை வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இழுத்தார். பிறகு காவலர்கள் ஒவ்வொருவராக இழுத்தார்கள். பின்னால் வந்த மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. வண்டிக்காரர்களும் இறங்கி வந்து இழுத்தார்கள். சாவடியே வேர்த்து விறுவிறுத்து மூச்சு வாங்கியது. இது விற்பனைக்கா, சொந்த உபயோகத்துக்கா என்று மேலாள் கேட்டார். விற்பனைக்குத்தான், ஒருவர் விலை பேசி முடித்திருக்கிறார் என்று உண்மையைச் சொன்னேன். பொய் என்று அவர் தலையை ஆட்டி, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு பெட்டியை என் பக்கம் தள்ளினார்: "காசு கொடுத்திட்டு ஆராவது இந்தப் பாடு படுமோ? கள்ளம் பறயாதே, போ!"

வாத்தியார் வீட்டுக் கப்பி

மேலகரத்தில் ஒரு வாத்தியார். காற்றடித்தால் குடையைத் தான் பிடித்திருக்கிறாரா, குடை தன்னைப் பிடித்திருக்கிறதா என்று தெரியாத உடம்பு. கல்யாணமான புதுசு. கடைக்கு வந்து எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, சுவரில் மாட்டுகிற கப்பி மிஷினைத்தான் எடுப்பேன் என்று நின்றார். அதைச் சும்மா ஆணியில் தொங்கவிட முடியாது. மண் சுவராக இருந்தால் சுவரே கையோடு வந்துவிடும். நானே போய்ப் பார்த்து, சுவர் வேண்டாமென்று சொல்லி, கூடத்து உத்தரத்தில் துளை போட்டுக் கப்பியை முடுக்கிக் கொடுத்தேன். வாத்தியார் அன்றைக்கே சட்டையைக் கழற்றிவிட்டு ஆரம்பித்துவிட்டார். கதவோரத்தில் நின்ற புதுப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தது நினைவிருக்கிறது.

அதன் பிறகு வாத்தியாரைக் கடைப் பக்கம் காணோம். ரப்பர் நாளானால் வெடிக்கும், மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு வருஷம் கழித்து அந்தத் தெருவுக்கு வேறு வேலையாகப் போனபோது எட்டிப் பார்த்தேன். கப்பி அதே இடத்தில் இருந்தது. ரப்பர் கயிற்றில் கைப்பிடியைக் காணவில்லை. அந்த இடத்தில் ஒரு பழஞ்சேலைத் தூளி தொங்கியது. அதற்குள் ஒரு பெண் குழந்தை கையைக் காலை உதைத்துக்கொண்டு மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தாள். சாதாரணத் தூளி முன்னும் பின்னும்தான் ஆடும். இது ரப்பர் அல்லவா, குதித்தது! ஏணி வாங்கி ஏறி, ரப்பரைச் சோதித்து, அறுந்தாலும் தாங்குகிற மாதிரி பக்கத்திலேயே ஒரு நல்ல தேங்காய்நார்க் கயிற்றையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் இறங்கினேன். வாத்தியார் நாற்காலியில் பேப்பருக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் சம்சாரம் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சொன்னார்: "அவரு நாலு இழுப்பு இழுத்தா மூச்சு வாங்குதாரு. இவ விடிஞ்சதுலருந்து ஆடுதா, ஒரு களைப்பும் கிடையாது. மிஷின்ல எந்தக் குறையும் இல்லன்னு உங்க மொதலாளிட்ட சொல்லுங்க அண்ணாச்சி."

தறி மேடையில்

சில பேர் கடைக்குள் வராமல் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். அப்படிப் பல நாள் பார்த்துவிட்டுப் போனவர் மீரான். கடையநல்லூர்க்காரர், நெசவு. ஒரு நாள் நானாகக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். வலது கையை மடியில் ஒரு பொட்டலம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். மாட்டு வண்டி கவிழ்ந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்ததாம். வைத்தியர் மூங்கில் வைத்துக் கட்டி எலும்பு கூடிவிட்டது. ஆனால் கட்டைப் பிரித்தபோது கை குச்சியாகிப் போயிருந்தது. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடாவை ஓட்டுகிற கயிற்றை வலது கையால்தான் வெட்டி இழுக்க வேண்டும். அவருக்கு விரல்தான் அசைந்தது, கை வரவில்லை. இப்போது தறியில் உட்காருவது அவர் சம்சாரம் பாத்திமா. இவர் கீழே உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுக்கிறார். "அவ ஒண்ணும் சொல்ல மாட்டா அண்ணாச்சி. சொன்னாக்கூடத் தேவலன்னு இருக்கு" என்றார்.

கப்பி மிஷினில் கையை வைத்துப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பிரிங்கில் நாலைக் கழற்றிவிட்டு ஒன்றை மட்டும் விட்டுக் கொடுத்தேன். அதுவும் முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். அப்போதுதான் மூன்றாவது தினுசு ஞாபகம் வந்தது. பெண்களுக்கென்று வந்த அந்த மெல்லிய ரப்பர் கயிற்றை எங்கள் ஊரில் ஒரு பெண்ணும் வாங்கவில்லை. எடுத்து வந்து ஒரு நுனியை ஜன்னல் கம்பியில் கட்டி, மறு நுனியை அவர் கையில் கொடுத்தேன். இழுத்தார். ஒரு சாண் வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியா வேறெதுவுமா, தெரியாது. அவர் பார்வை பெட்டியின் மேல் போயிற்று. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் கயிற்றை இழுத்துக்கொண்டு சிரித்தாள். மீரானின் கை கயிற்றை விட்டது. நான் பெட்டியை மேஜைக்கு அடியில் போட்டுவிட்டு, கயிற்றை மட்டும் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். "தறித்தூணில் கட்டி, தினம் காலையில் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். நாடாக் கயிற்றை இழுப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்" என்றேன். அவர் போன பிறகு, நொந்திருக்கிற மனுசனுக்கு நம்பிக்கை காட்டி அனுப்பிவிட்டேனே, கை தேறாமல் போனால் என்ன செய்வது என்று எனக்குப் பயமாக இருந்தது.

மழைக்காலம் போய்ப் பனி விழத் தொடங்கிய சமயம், வெள்ளைத் துப்பட்டி போர்த்த ஒரு பெண் கடைக்கு வந்து, மேஜை மேல் ஒரு துண்டு ரப்பரை வைத்தார். நடுவில் அறுந்திருந்தது. மீரான் வீட்டுக் கயிறு என்று பார்த்ததும் தெரிந்தது. என்ன வைவாரோ என்று நின்றேன். "அறுந்துபோச்சு" என்றார். "அடிபட்டுவிட்டதா?" என்று பதறினேன். "அடியா? இழுத்து இழுத்துல்லா அறுத்தாரு!" என்று சொல்லும்போதே பாத்திமாவின் குரலில் சிரிப்பு வந்துவிட்டது. தெருவைப் பார்த்தேன். மீரான் எப்போதும் நிற்கிற அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

புதுக் கயிறு எடுக்க உள்ளே திரும்பினேன். பாத்திமா தடுத்தார். வீட்டில் இப்போது தினமும் வழக்காம். காலையில் யார் முந்தித் தறியில் உட்காருவது என்று. அவர் தன் இடம் என்கிறார். இந்த அம்மாளுக்கோ இத்தனை மாதம் நெய்து கை பழகி, மறுபடியும் நூல் சுற்ற மனசு வரவில்லை. துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு, தெருவில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கயிறு வேண்டாம் அண்ணாச்சி. ரெண்டாந்தறி ஒண்ணு போடணும், நல்ல ஆசாரி எங்கன இருக்காருன்னு மட்டும் சொல்லுங்க."

யுத்தம் வந்ததும் ரப்பரும் ஸ்பிரிங்கும் கப்பலில் வருவது நின்றுபோயிற்று. முதலாளி ஜவுளிக்கு மாறினார், என் தோள்வலியும் விட்டது. வந்தவர் உடம்புக்கு எத்தனை ஸ்பிரிங் தாங்கும் என்று ஒரு பார்வையில் சொல்லுகிற அளவுக்கு நான் தேறியிருந்தேன். ஆனால் அந்தச் சாமான் அவர் வீட்டுக்குப் போய் எதற்கு ஆகும் என்பதை மட்டும் கடைசிவரை அவரவர் வீட்டு அம்மாமார் வாயால்தான் தெரிந்துகொண்டேன்.