தாம்பூலம் வாங்காமல் போன விருந்தாளிகள்

நான்கு வருடங்களுக்கு முன்னால், மயிலாப்பூரில், நவராத்திரி வெள்ளிக்கிழமையன்று நடந்தது இது. கல்யாணமாகி எனக்கு அதுதான் முதல் கொலு. மழை வருமா வராதா என்று வானம் இருட்டிக்கொண்டு நின்ற சாயங்காலம்.

கொலுப்படிக்குப் பக்கத்தில், பட்டுப்புடவை கட்டச் சொல்லி என்னை உட்கார வைத்திருந்தார் மாமியார். நானும் ஒரு பொம்மைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, பொம்மைக்குப் பசிக்காது. திருவான்மியூரில் ஃப்ளாட் வாங்க என் அப்பா பணம் தர வேண்டும் என்று கணவரும் மாமியாரும் மாதக்கணக்காக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவால் முடியவில்லை. முதலில் குத்தல் பேச்சு, அப்புறம் பட்டினி, அப்புறம் அடி. செல்போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். வெளியே போனால் என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். தோசைத் திருப்பியால் வாங்கிய சூடு அன்றைக்கு முழங்கை வரை நீண்ட ரவிக்கைக்குள் இருந்தது.

ஆனால் கொலு வைத்த வீட்டில் சாயங்காலம் கதவைச் சாத்த முடியாதே! வாசல் திறந்தே கிடந்தது. யார் யாரோ வந்தார்கள், குங்குமம் இட்டுக்கொண்டார்கள், பாடினார்கள். வயிறு காலியாக இருந்தால் உலகமே தள்ளிப் போய்விடும் போலிருக்கிறது. சீரியல் விளக்குகள் கரைந்து கரைந்து தெரிந்தன. பாட்டு தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. திறந்த வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் திரும்பிப் போய் நின்றால் அப்பா தலைகுனிய வேண்டியிருக்குமே என்ற பயத்தில், ஓடலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் கீழ் வீட்டு மாமி வந்தார். கூடவே நாற்பது வயதுக்கு மேல் ஒரு பெண்மணி.

"இவ என் ஒண்ணுவிட்ட அக்கா பொண்ணு. கொலு பார்க்கணும்னா, அழைச்சுண்டு வந்தேன்" என்றார் மாமி.

அந்தப் பெண்மணி பொம்மைகளைப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். திடீரென்று மாமி, "ஐயையோ, அடுப்புல பாலை வெச்சுட்டு வந்துட்டேனே!" என்று அலறி, அவரையும் இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மாமியார் பதறிப்போனார். நான் பட்டினி கிடந்ததற்கெல்லாம் பதறாதவர்! "வெள்ளிக்கிழமையும் அதுவுமா ரெண்டு சுமங்கலி தாம்பூலம் வாங்கிக்காமப் போறாளேடி! பார்த்துண்டு நிக்கறியே, ஓடு! கொடுத்துட்டு வா!" என்று தாம்பூலப் பைகளை அவரே என் கையில் திணித்தார்.

தனியாகப் படி இறங்கி எத்தனை நாளாகியிருந்தது! எங்கேயோ தூறல் விழுந்திருக்க வேண்டும், மண் வாசனை மேலேறி வந்தது. கால் தரையில் பாவவே இல்லை.

கீழ் வீட்டில் பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. மாமி கதவைத் தாழிட்டார். "பாத்ரூம் ஜன்னல் வழியா நீ அழறது தெனம் கேக்கறதுடி. பொறுக்க முடியாம நான்தான் போன் பண்ணினேன்" என்றார். அக்கா பெண்ணாக வந்தவர், குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ் அரசு நியமித்திருக்கும் பாதுகாப்பு அலுவலர்.

"எங்க ஆபீஸ்லேருந்து ஏற்கெனவே ஒருத்தர் வந்தாங்கம்மா. மருமக ஊருக்குப் போயிருக்கான்னு உங்க மாமியார் திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் இன்னைக்கு இப்படி வந்தேன். நீங்க சொன்னாத்தான் நான் எதுவும் செய்ய முடியும். உங்களுக்கு என்ன வேணும்?"

"நான் நன்னாத்தான் இருக்கேன்" என்றேன். பழக்கதோஷம்! அவர் மறுத்துப் பேசவில்லை.

மேலேயிருந்து, "எங்கேடி போய்த் தொலைஞ்சே?" என்று மாமியாரின் குரல் வந்தது. என் கை தானாகத் தாழ்ப்பாளுக்குப் போனது. அங்கேயே நின்றது. எங்கேயிருந்து வந்ததோ தெரியாது, "நான் மேலே போகலை" என்றேன். அதற்கப்புறம்தான் அழுதேன்.

சட்டம் எல்லாவற்றையும் உடனே சரிசெய்துவிட்டது என்று சொன்னால் அது பொய். மகளிர் காவல் நிலையத்திலேயே ஒருவர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக் கூடாதா?" என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று வந்தது. ஆனால் அலுவலரின் அறிக்கையைப் பார்த்து, கணவரும் மாமியாரும் என்னை நெருங்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. நகைகள் திரும்பி வந்தன. வரதட்சணைக் கொடுமை வழக்கு இன்னும் வாய்தாவில் ஊர்ந்துகொண்டிருக்கிறது. அப்பா தலைகுனியவெல்லாம் இல்லை. அலுவலர் என்னைச் சேர்த்திருந்த காப்பகத்துக்கு மறுநாளே வந்து, என் தலையைத் தடவியபடி நாளெல்லாம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது அடையாறில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். சில விடியற்காலைகளில் அரைத்தூக்கத்தில் அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டே இருப்பேன். சட்டம் என்னைத் தேடி மாடி வரை ஏறி வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு பதிலை எனக்காக வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கும்போதெல்லாம், தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்ற அந்தப் பெண்ணைப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.