டிரைவர் கிடைக்காத காலை

அவிநாசிபாளையத்தைத் தாண்டி இருக்கிற ஒரு பனியன் கம்பெனியில் பதினொரு வருடமாகக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். எந்த ஆர்டர் சாயத்துக்குப் போயிருக்கிறது, எது தையலில் நிற்கிறது என்று எங்களிடம் பனியன் வாங்குகிற பையர்கள் வெளிநாட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்ள எங்களிடம் ஒரு இணையதளம் இருந்தது. பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில் அதை எழுதியவன் நான். யாரும் சொல்லித் தரவில்லை. தப்பும் தவறுமாக எழுதி, வாடகை சர்வரில் ஏற்றி, அது காட்டுகிற பிழைகளைப் படித்துப் படித்தே கற்றுக்கொண்டேன். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர்கள் ஆளுக்கொரு சந்தேகத்தோடு என் மேஜைக்கு வருவார்கள். அந்த வரிசை எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு ஒரு பெண் வேலைக்கு வந்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். அவளுடைய அம்மா எங்கள் கம்பெனியிலேயே தையல் மிஷினில் இருந்தார். அவள் கோயம்புத்தூரில் படித்துவிட்டு நேராக என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு நாள் முழுக்க முட்டிக்கொண்டு எழுதுவதை, அவள் டீ ஆறுவதற்குள் எழுதிவிடுவாள். இரண்டே மாதத்தில் அந்த வரிசை அவள் மேஜைக்குத் திரும்பியது. ஒருநாள் முதலாளி எனக்கு எதிரிலேயே அவளிடம், "கண்ணு, நீ வந்தப்பறந்தான் இந்தக் கம்ப்யூட்டர் நமக்குப் புரியற மாதிரி பேசுது" என்றார். என்னைக் குத்திக் காட்டச் சொன்னதல்ல. அதனால்தான் அது அதிகமாகக் குத்தியது.

இணையதளத்தைப் புதிதாக எழுதச் சொல்லி அவளிடமே கொடுத்தார்கள். என் பக்கங்களைத் திறந்து படித்தவள், "நல்லாத்தான் எழுதிருக்கீய அண்ணே, பழைய முறை, அவ்வளவுதான்" என்றாள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் பக்கங்கள் மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸில் ஓடின. அவள் போஸ்ட்கிரஸ் என்ற வேறு வகை டேட்டாபேஸை எடுத்துக்கொண்டாள். அதை வெளியே ஒரு கிளவுடில் வைத்துவிட்டு, பக்கங்களை மட்டும் எங்கள் பழைய சர்வரில் ஏற்றுவதாகத் திட்டம். அந்த டேட்டாபேஸோடு பிஎச்பி பேச வேண்டுமானால், அதற்கான எக்ஸ்டென்ஷன் ஒன்று சர்வரில் இருக்க வேண்டும்; டிரைவர் என்றும் அதைச் சொல்வார்கள். எங்கள் சர்வரில் அது கிடையாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் நானே ஆசைப்பட்டு, சர்வரை வாடகைக்கு விடுகிற ஹோஸ்டிங்காரர்களிடம் கேட்டு, "உங்கள் பிளானில் மைஎஸ்கியூஎல் மட்டும்தான்" என்று பதில் வாங்கியிருந்தேன்.

சர்வரின் பாஸ்வேர்டு என் ஒருவனிடம்தான் இருந்தது. அவள் எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "நம்ம சர்வர்ல போஸ்ட்கிரஸ் எக்ஸ்டென்ஷன் இருக்கும்லா அண்ணே?"

"பாத்துக்கலாம் உடு அம்முணி. நானே ஏத்திக்கறேன்" என்றேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

மறுநாள் காலை பையர் அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். அவர் வருவதற்குச் சற்று முன்புதான் பக்கங்களை ஏற்றினேன். முதலாளி பெரிய திரையில் முகவரியைத் தட்டச் சொன்னார். வெள்ளைத் திரையில் ஒரே ஒரு ஆங்கில வரி வந்து நின்றது. முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ஏனுங்க, டிரைவர் கெடைக்கலைன்னு போட்டிருக்குது? நம்ம டிரைவர் வெளியதானுங்க நிக்கறாரு?"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் வரைக்கும் சிவந்துபோய்த் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்த ஒரு நிமிடம் எனக்கு வயிறு குளிர்ந்திருந்தது. மறைக்க விரும்பவில்லை.

ஹோஸ்டிங்காரர்களிடம் அவளையே பேசச் சொல்லி, பாஸ்வேர்டையும் அவளிடம் கொடுத்துவிட என்னிடம் சொன்னார் முதலாளி. சப்போர்ட் பக்கத்தை அவள் திறந்தபோது நான் பின்னால்தான் நின்றிருந்தேன். எங்கள் கணக்கிலிருந்து இதுவரை கேட்ட கேள்விகள் எல்லாம் அங்கே வரிசையாக இருந்தன. அது என் நினைவிலேயே இல்லை. மேலிருந்து நான்காவது, போஸ்ட்கிரஸ் பற்றி நான் கேட்டது. அதைத் திறந்து, என் கேள்வியையும் அவர்களுடைய பதிலையும் நிதானமாகப் படித்தாள்.

திரும்பாமலேயே, "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா அண்ணே" என்றாள்.

முதலாளியிடம் போட்டுக்கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அவர் வந்து கேட்டபோது அவள் சொன்னது இவ்வளவுதான்: "சர்வர்ல ஒரு வசதி இல்ல சார். நாங்க ரெண்டு பேரும் மொதல்லயே பாத்திருக்கணும். ரெண்டு நாள்ல மாத்திருதேன்."

சொன்னபடியே இரண்டு நாளில் எல்லாவற்றையும் மைஎஸ்கியூஎல்லுக்கு மாற்றிவிட்டாள். தளம் நன்றாக ஓடியது. நான் ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காட்டிக்கொடுத்திருந்தால் அவளைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். "நாங்க ரெண்டு பேரும்" என்றாளே, அப்படி ஒரு வார்த்தை அந்த நேரத்தில் என் வாயில் வந்திருக்காது. அவளுடைய படிப்பின் மேல் இருந்த பொறாமையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. கடைசியில் ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவளிடம், "தெரிஞ்சேதான் சொல்லாம உட்டேன், அம்முணி" என்றேன். "தெரியும் அண்ணே" என்று ஊறுகாயை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

போன ஆடி மாதம், கோயம்புத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவள் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், விசாரிக்க என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ஆள் எப்படி என்று கேட்டார்கள்.

நான் எழுந்து மாடிப்படிப் பக்கம் போனேன். கீழே தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. "எங்கூர்ல இந்த வேலையில அவங்களுக்கு மேல ஒருத்தர நான் பாத்ததில்லீங்க" என்றேன். சொல்லும்போது வயிறு எரிந்தது. அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருந்தவர், வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"சீக்கிரம் எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.