மண்ணுக்கு மேலே இருக்க வேண்டிய ஒட்டு

ஒரு செல் தன் பக்கத்துச் செல்லுக்குச் செய்தியை எப்படிக் கடத்துகிறது என்று ஆராய்வதிலேயே பாதி ஆயுளைக் கழித்த ஒருத்தி, தோளோடு தோள் உட்கார்ந்து சாப்பிட்ட சொந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு செய்தியை ஏன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்? சிலர் பயம் என்றார்கள், சிலர் திமிர் என்றார்கள். இரண்டும் சுலபமான பதில்கள். சுலபமான பதில் எதற்கும் அவள் பிடி கொடுத்ததில்லை.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குத் தையல்காரி என்று பெயர். படித்து வாங்கிய பட்டத்தைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டதில்லை. தக்காளி நாற்றைப் பிளேடால் சாய்வாக வெட்டுவாள். மேல்பாதியை இன்னொரு நாற்றின் வேர்த்தண்டில் பொருத்தி, அரிசி பருமனில் ஒரு கவ்வி மாட்டி, ஈரமான மூடிக்குள் வைப்பாள். மற்றவர்கள் ஒட்டியதில் பாதி வாடிவிடும். அவள் ஒட்டியதில் ஒன்று வாடினால், அன்றைக்கு அவளிடம் பேச்சுக் கொடுக்க எல்லோரும் யோசிப்பார்கள்.

"செடி பேசறதைக் கேட்டுக் கேட்டு, மனுஷங்க பேசறது இவளுக்கு இரைச்சலாப் போச்சு" என்பார் நுண்ணோக்கி பார்க்கும் பெரியவர், தேநீர் நேரத்தில்.

"செடி சொன்னதையே சொல்லாது சார். நீங்க இந்த ஜோக்கை நான் சேர்ந்த நாள்லேருந்து சொல்றீங்க" என்பாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

அவர்கள் செய்தது இதுதான். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே சுவர் உண்டு. சுவரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. வேர் காய்ந்தால் அந்தச் சேதி துளை வழியாகவும் சாறு வழியாகவும் மேலே போகும். உடனே இலை தன் நுண்ணிய மூச்சு வாய்களை மூடித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும். துளையை இறுக்குகிற மரபணு ஒன்றை வேரில் வெட்டித் திருத்திவிட்டால் சேதி சீக்கிரம் போகும், செடி முந்திக்கொள்ளும் என்பது ஆராய்ச்சிக்கூடத் தலைவரின் யோசனை. அதை நிரூபிக்க, திருத்திய வேரில் சாதாரணத் தக்காளியின் தலையை ஒட்ட வேண்டும். தலை பிழைத்தால், பிழைக்க வைத்தது வேர் சொன்ன சேதி.

இதில் ஒரு விதி உண்டு. ஒட்டு எப்போதும் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். மண்ணுக்குள் போனால் மேல்தலை தன் தண்டிலிருந்தே சொந்த வேர் விடும். அப்புறம் எந்த வேர் எதைச் சொன்னது என்று யாராலும் சொல்ல முடியாது.

செடிகள் பிழைத்தன. தண்ணீரை நிறுத்தியும் பசுமைக்குடிலின் முன்வரிசை விறைப்பாக நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சாதாரணச் செடிகள் பின்வரிசையில் தலையைத் தொங்கப் போட்டன. தலைவர் மேடை மேடையாகப் பேசினார். பேச்சில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஒட்டு நாற்றுகள் நாற்றுப்பண்ணையில் தயாராயின; வயலில் நட அனுமதி வாங்கி, சோதனைக்கு நிலம் தருகிறவர்களைத் தேடினார்கள். முதலில் கையைத் தூக்கியவன் அவளுடைய தம்பி.

சோதனை முடிந்த செடிகளை அப்படியே வெளியே போட முடியாது. மரபணு திருத்திய எதுவாக இருந்தாலும் தொட்டியோடு பையில் கட்டி, நீராவி அடுப்பில் வேகவைத்த பிறகே குப்பைக்குப் போகும். அதனால் வேரைக் கழுவிப் பார்க்கும் பழக்கமே அங்கே இல்லை. அன்றைக்கு ஒரு தொட்டி அவள் கை தவறி உடைந்தது. மண் உதிர்ந்த இடத்தில், ஒட்டுக்கு மேலே, மேல்தலையின் தண்டிலிருந்து வெள்ளை வேர்கள் கொத்தாகத் தொங்கின.

அவள் அடுத்த தொட்டியை உடைத்தாள். அதற்கடுத்ததையும். முன்வரிசை முழுக்க அப்படித்தான். பின்வரிசையில் ஒன்றில்கூட இல்லை.

தலைவர் அறையில் போய்ச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"ஓ, அதுவா? நீங்க ஆஸ்பத்திரியில அம்மாகூட இருந்தீங்களே, அந்த வாரம் பெரிய ஆளுங்க பார்க்க வந்தாங்க. செடியெல்லாம் சாய்ஞ்சு நின்னுச்சு. போட்டோ வேற எடுக்கணும். நானே கொஞ்சம் மண்ணை அணைச்சு விட்டேன். என் கையாலேயே!"

"பின்வரிசைக்கு?"

"அது போட்டோவுல வராதேம்மா."

"அப்போ செடி பிழைச்சது இந்தக் கூடுதல் வேராலதான் சார். நாத்தை நிறுத்தணும்" என்றாள்.

"நாத்து எல்லாம் ரெடி. இப்போ போய் நிறுத்துன்னா யார் நிறுத்துவா? உங்க எண்ணம் தப்பாவும் இருக்கலாம். வயல்ல போட்டுப் பார்ப்போம், வயல் சொல்லட்டும். உங்க ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாசம்தானே இது? நல்ல சேதியோட போவோம்." குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. அவருடைய மிரட்டல்களும் உபசாரம் போலத்தான் இருக்கும்.

அடுத்த விடுமுறை நாளில் அவள் தம்பி வீட்டுக்குப் போனாள். சொல்வதற்காகத்தான் போனாள், அதில் சந்தேகமில்லை. இல்லையென்றால் அழைக்காமல் யார் வீட்டுக்கும் போகிறவள் அல்ல அவள்.

தம்பி இலேசில் சந்தோஷப்படுகிறவன். அக்காவைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

"நல்ல நேரத்துல வந்தே அக்கா. வாய்க்கால்ல என் பங்குத் தண்ணியை இந்தப் பருவத்துக்கு மேல்வயல்காரருக்கு விட்டுக் குடுக்கப் போறேன். நாளைக்குப் பேசி முடிக்கிறோம். கூரையை மாத்திடலாம். உன் செடி இருக்கும்போது எனக்கெதுக்குத் தண்ணி?"

"எங்க அக்கா செடிக்குத் தாகமே எடுக்காதுன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டு வர்றாரு அண்ணி" என்றாள் அவன் மனைவி, பரிமாறிக்கொண்டே. "கட்டினவளுக்குத் தாகம் எடுத்தா ஒரு டம்ளர் மொண்டு குடுத்தது கிடையாது."

"உனக்குத் தாகம் எடுத்தா வாய் மூடிடுமா? எடுக்க எடுக்கத்தானே பேசறே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "தண்ணியை முழுசா விட்டுடாதேடா."

"ஏன்? உன் செடி மேல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அவன் மனைவியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அடுப்படியில் குழாய் சொட்டுவது கேட்டது. சேதி வாய் வரைக்கும் வந்துவிட்டது. இனி ஒரு மூச்சுதான் மிச்சம்.

"அப்படியெல்லாம் இல்ல."

"பின்னே?"

"ஒண்ணுமில்ல. நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணும். அதை மட்டும் பார்த்துக்கோ."

தம்பி பார்த்துக்கொண்டான். விரலை வைத்து அளந்து, ஒவ்வொரு நாற்றாகக் குந்தி உட்கார்ந்து நட்டான். கடைசி வரிசைக்கு வரும்போது மேகம் கறுத்தது. மனைவியைக் கூப்பிட்டு நடச் சொன்னான். அவளுக்கு முதுகு வலி, மனசுக்குள் வேறு வேலை; அகப்பட்ட ஆழத்தில், ஒட்டும் மறையக் கழுத்துவரை புதைத்துவிட்டுப் போனாள். கறுத்த மேகம் பொழியவில்லை. அந்தப் பருவம் முழுக்கவே பொழியவில்லை.

அக்கா மறுபடி போனபோது வயல் பழுப்பாகக் கிடந்தது. காய்கள் சுருங்கிக் கையில் எடுத்தால் தோலாக ஒட்டின. வாய்க்காலில் தம்பியின் பங்கு மேல்வயலுக்குத் திரும்பி, கண்ணெதிரே சலசலத்துக்கொண்டு போனது. ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் பச்சையாக நின்றது. ஒரே பார்வையில் அவளுக்கு எல்லாம் புரிந்தது. சொந்த வேர் விட்ட செடிகள் அவை.

"இவ நட்டது" என்றான் தம்பி. "ராசியான கை. சொன்னபடி நட்ட என் கைதான் விளங்காத கை."

அவள் குனிந்து அந்த வரிசையின் மண்ணைத் தொட்டாள், கிளறவில்லை. அன்றிலிருந்து தம்பி அவளிடம் பேசவில்லை. கூரை மாறாமலே இருந்தது. அவன் மனைவி வேறொருவர் வயலுக்குக் கூலிக்குப் போகத் தொடங்கினாள்.

மற்ற வயல்களிலும் இதே கதைதான். விசாரணைக் குழு வந்தது. உள்ளே கூப்பிட்ட வேளையில் தலைவர் அவள் பக்கத்து நாற்காலியில் இருந்தார். வேர் விட்டிருந்தது எப்போது தெரிந்தது என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் பழி போக வேண்டிய இடத்துக்குப் போயிருக்கும். அவளுக்கும் பாதிப் பாரம் இறங்கியிருக்கும்.

"நாத்து வயலுக்குப் போன அப்புறம்தான். முன்னாடி யாருக்கும் தெரியாது" என்றாள்.

தலைவர் மேஜை மேல் இருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். கவனக்குறைவு, உள்நோக்கம் இல்லை என்று குழு முடிவு சொன்னது. அவர் இன்னும் பெரிய பதவிக்குப் போனார். அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. சோதனையை அவள் ஒழுங்காகத் திரும்பச் செய்தாள். முன்வரிசை, பின்வரிசை எல்லாவற்றிலும் ஒட்டு மண்ணுக்கு மேலே. வேர் சேதி அனுப்பத்தான் செய்தது, ஆனால் செடியைப் பிழைக்க வைக்க அது போதவில்லை. அதை எழுதி வெளியிட்டாள். யாரும் மேடை போடவில்லை.

ஒரு முற்பகலில் தம்பி பசுமைக்குடிலுக்கு வந்தான். வாசலில் கொடுத்த துணியுறையைச் செருப்பின் மேல் மாட்டத் தெரியாமல் தடுமாறி, ஒருவழியாக மாட்டிக்கொண்டு உள்ளே வந்தான். இளைத்திருந்தான். நுண்ணோக்கிப் பெரியவர் மூலையில் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"விசாரணையில சொன்னதைக் கேள்விப்பட்டேன் அக்கா" என்றான். "முன்னாடி யாருக்கும் தெரியாதாமே. நான்தான் உன்னை என்னென்னவோ நெனைச்சுட்டேன். வீட்டுல அவளும் சொல்லிட்டா, போய்ப் பார்த்துட்டு வாங்கன்னு. உனக்கும் தெரியாதுதானே?"

தலையை ஆட்டினால் போதும். அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் அவன் அவ்வளவு தூரம் வந்திருந்தான்.

அவள் கையிலிருந்த கவ்வியை மேஜையில் வைத்தாள்.

"தெரியும். அன்னிக்கு உன் வீட்டுல சாப்பிட உக்காரும்போதே தெரியும்."

அவன் காத்திருந்தான். தலைவரிடம் போய்ச் சொன்னதை, அவர் மண் அணைத்ததை, ஒப்பந்தப் பேச்சை, ஏதாவது ஒன்றை அவள் சேர்ப்பாள் என்று, எல்லாம் தெரிந்து மூலையில் நின்ற பெரியவரும் காத்திருந்தார். அவள் எதையும் சேர்க்கவில்லை. தம்பி வாசலுக்குப் போய், குனிந்து உறைகளைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியேறினான்.

பெரியவரால் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, சொல்ல வேண்டிய இடத்துல தெரியாதுன்னே. இவன்கிட்ட வந்து..."

"அந்த மூடியைக் குடுங்க சார்" என்றாள் அவள். "வெட்டு காயுது."