ஆமையார் வாய் திறந்த ரோடு

டிரெய்லர் டிரைவர்கள் மத்தியில் அவருக்கு ஆமை என்று பேர். வயதுக்கு மரியாதை கொடுத்து நாம் ஆமையார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர் சோம்பேறி இல்லை. ஆலைகளுக்குப் போகும் ராட்சதக் கொதிகலன்களை ஏற்றிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டி ஓட்டுவதுதான் அவர் பிழைப்பு. முன்னால் உதவியாட்கள் நீளக் கழிகளால் தாழ்ந்த கேபிள்களைத் தூக்கிப் பிடித்தபடி நடப்பார்கள். இவர் ஊர்ந்து வருவார். பின்னால் மாட்டிக்கொண்ட வண்டிக்காரர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் விசாரிப்பார்கள். எதையும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

வீட்டிலும் அப்படித்தான், பேசினால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருப்பார். கேட்பதற்கெல்லாம் ஒரே ஒரு "உம்". அந்த "உம்"மோடு குடித்தனம் நடத்தி வீட்டம்மாவுக்கு அலுத்துப்போனது. பக்கத்திலேயே இருந்தாலாவது மனிதர் பேசுவாரா பார்ப்போம் என்று, தன் தம்பி வேலை செய்யும் உள்ளூர் ஆலையில் இவருக்கு கேட் காவல் வேலைக்குச் சொல்லி வைத்தார். இப்போது ஏற்றியிருக்கும் லோடை இறக்குவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். ஆமையாருக்கோ ரோட்டை விட மனசே இல்லை. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"அந்த ரோட்டுல அப்படி என்னதான் கொட்டிக் கிடக்கு? நானும் வந்து பார்க்கிறேன்" என்று வீட்டம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கொட்டிக் கிடந்ததெல்லாம் சாம்பலும் கரியும்தான். சிமென்ட் ஆலைப் பக்கம் மரத்து இலையெல்லாம் பவுடர் அப்பிய முகம் மாதிரி வெளுத்திருந்தது. சாயப்பட்டறை ஓடையில் ஊதாத் தண்ணீர் ஓடியது. இரும்பு உருக்கும் பட்டறையைத் தாண்டும்போது சூடு ஜன்னல் வழியாக வந்து கன்னத்தில் அறைந்தது. வீட்டம்மா துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அப்போதுதான் டீக்கடைக்காரம்மா கிளாஸோடு ஓடி வந்தார். அந்த ரோட்டில் ஆமையாரை யாரும் வண்டியை நிறுத்தச் சொல்வதில்லை, கூடவே நடந்து பேசிவிட்டுப் போவார்கள்.

"அண்ணே, டீ!" என்று ஜன்னலுக்குள் நீட்டியவர், பக்கத்து சீட்டைப் பார்த்துவிட்டார். "ஐயோ, இது நம்ம அக்காதானே! முழங்கால் வலி தேவலையாக்கா?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அண்ணன்தான் சொன்னாரு. வாயத் தொறந்தா உங்க பேச்சுதான்!"

கொஞ்சம் தள்ளி, காலி கிளாஸை வாங்கிக்கொள்ள பஞ்சர் கடைக்காரர் காத்திருந்தார். அவரும் கூடவே நடந்தார். "பக்கத்து வீட்டுச் சண்டை தீர்ந்துச்சாம்மா? தப்பு அவங்க மேலதான். அண்ணன் முழுக்கதையும் சொல்லிட்டாரு." அடுத்து ஒரு ஆலைக் காவலாளி. தன் மதில் சுவர் முடியும்வரை வந்து, "சமைக்கும்போது ரொம்ப நல்லாப் பாடுவீங்களாமே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்.

யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் பாடுகிற பாட்டு அது. வீட்டம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"நிறுத்துங்க. நான் இறங்கணும்."

ஆமையாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தொலைந்தது, கோபித்துக்கொண்டு பஸ் ஏறப் போகிறாள் என்றே நினைத்தார். முன்னால் ஆட்கள் ஒரு கேபிளோடு மல்லுக்கட்ட, வண்டி நின்றது. வீட்டம்மா கம்பியைப் பிடித்து மெல்ல இறங்கினார். வண்டியைச் சுற்றி வந்து டிரைவர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். வண்டி நகர்ந்ததும் கூடவே நடந்தார்.

"ம், இப்ப சொல்லுங்க."

"என்னத்த?"

"ஊர் பூரா சொன்னதை. எனக்கு மட்டும் சொல்லாததை."

ஆமையார் ஸ்டியரிங்கைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பிறகு மடை திறந்தது.

"நீ எதிர்ல வந்து உட்கார்ந்தா எனக்கு நாக்கு ஒட்டிக்குது. இங்க வந்தா உன் நெனப்புதான் துணை, அதான் வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் சொல்லிடறேன். கேட்ல போய் உட்கார்ந்தா அதுவும் போயி முழு ஊமையாயிடுவேனோன்னு பயமா இருக்கு. நீ பாடறப்ப நான் தூங்கறேன்னு நினைக்கிற இல்ல? தூங்கல. கண்ணத் தொறந்தா நீ நிறுத்திடுவியேன்னு அப்படியே படுத்துக் கிடப்பேன்."

வீட்டம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேச வருமா! முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. ஆமையாரும் பேச்சை நிறுத்தவில்லை.

லோடு இறக்க வேண்டிய ஆலையின் கேட் தெரிந்தபோது போன் அடித்தது. தம்பிதான்.

"அக்கா, மாமா என்ன முடிவு பண்ணாரு?"

"அந்த வேலைய வேற யாருக்காவது குடுத்துடுடா. மாமா பேசிக்கிட்டிருக்காரு. அப்புறம் கூப்பிடு."