கிளினிக் மட்டும்தான்

கச்சேரியில, அரசாங்க உத்தியோகத்தில, முப்பது வருசம் மற்ற ஆக்கள்ர படிவங்களைத் திருப்பி அனுப்பின மனிசன் நான். ஒரு கட்டம் நிரப்பாமல் விட்டிருந்தாலும் வந்தவரை நல்லா ஏசி, இன்னொரு நாளைக்கு வரச் சொல்லுவன். அப்பிடிப்பட்ட நான், கனடாவில இருக்கிற மகளிட்டப் போறதுக்குப் பயணக் காப்புறுதி எடுத்த அண்டைக்கு, என்ட மனிசிக்கு எழுதின படிவத்தை ஒருக்காக் கூட வாசிச்சுப் பார்க்கல்ல.

மட்டக்களப்பு டவுனில ஒரு சின்னக் காப்புறுதிக் கந்தோர். அங்க வேலை செய்யிற ஒரு பிள்ளை எங்களிட்டக் கேட்டுக் கேட்டு எழுதினா.

"ரெண்டு பேருக்கும் நோய் வருத்தம் ஏதும் இருக்கா சேர்?"

"எனக்கு ஒண்டுமில்ல. இவவுக்குக் கிளினிக் மட்டும்தான்."

அந்தப் பிள்ளை சிரிச்சா. "கிளினிக்குக்கு எங்கட அம்மாவும்தான் போறா" எண்டு சொல்லிட்டு, 'இல்லை' எண்ட கட்டத்தில ஒரு கோடு போட்டா. மனிசி பக்கத்துக் கதிரையில கைப்பையை மடியில வச்சுக்கொண்டு இருந்தா.

வெளி ஆக்களுக்கு இது விளங்காது. எங்கட பக்கத்தில அறுபது தாண்டினவங்க மாசத்தில ஒருநாள் விடியவே ஆஸ்பத்திரிக்குப் போய், நம்பர் துண்டு எடுத்து, சீனிக்கும் பிரஷருக்கும் குளுசை வாங்கிக்கொண்டு வாறது சந்தைக்குப் போய் வாறமாதிரித்தான். வருத்தமெண்டால் வார்ட்டில போய்ப் படுக்கிறது. கிளினிக்கால வந்து கையோட உலையை வச்சுச் சோறு காய்ச்சுற மனிசியை ஆர் வருத்தக்காரி எண்டு சொல்லுவான்?

கனடாவுக்குப் போய் மூண்டாம் கிழமை. மகள்ர வீட்டுப் படியில ஏறக்குள்ள மனிசி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு அப்பிடியே இருந்திட்டா. ஆஸ்பத்திரியில டொக்டர், என்ன மருந்து பாவிக்கிறவ எண்டு கேட்டார். நான் பெரிய கெட்டிக்காரன்மாதிரி, மருந்தெல்லாம் எழுதுற கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினன். கடல் தாண்டிப் போனாலும் அதைக் கொண்டு போகாமல் விடுவமா? ஊரில கொப்பி இல்லாமல் போனால் ஆள் எண்டே மதிக்க மாட்டாங்க. பதினொரு வருசம், ஒரு மாசம் தவறாமல் எழுதியிருந்திச்சு. டொக்டருக்கு நல்ல சந்தோசம். அடுத்த நாள் அதே பக்கங்கள் காப்புறுதிக்காரரிட்டப் போச்சு.

நெஞ்சில மூண்டு இடத்தில அடைப்பு, உடனே ஒபரேசன் செய்யோணும், பிளேனில ஏத்தினால் உயிரோட ஊர் போய்ச் சேரமாட்டா எண்டு டொக்டர் சொல்லிட்டார். காப்புறுதிக்காரர் ஒரே வசனத்தில கதையை முடிச்சிட்டாங்க. முந்தியே இருந்த வருத்தத்தை மறைச்சிட்டீங்க, நாங்க பொறுப்பில்ல.

ஆஸ்பத்திரி நடையில நிண்டு அவங்களுக்குத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தன். ஒவ்வொரு தரமும் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பாங்க. பிறகு ஒரு புது ஆள் வரும், முதல்ல இருந்து எல்லாத்தையும் ஒப்புவிக்கோணும். கிளினிக் எண்டால் என்னெண்டு விளக்கப் பார்த்தன். சொல்லச் சொல்ல எனக்கே வெக்கமாயிருந்திச்சு. கடைசியா ஒருத்தி இரக்கப்பட்டு, படிவம் நிரப்பின ஆள் "கிளினிக்குக்குப் போறதை எனக்குச் சொன்னவங்க" எண்டு எழுதித் தந்தால் திரும்பப் பார்க்கலாம் எண்டு சொன்னா.

மனிசிர கட்டிலுக்குப் பக்கத்தில இருந்தே ஊருக்கு, அந்தக் கந்தோர்ப் பிள்ளைக்கு எடுத்தன். அந்தப் பிள்ளை பொய் சொல்லல்ல.

"சேர் சொன்னது உண்மைதான். ஆனா அதை எழுதித் தந்தால் என்ட வேலை போயிரும் சேர். என்ட உழைப்பிலதான் வீடு ஓடுது."

வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினன். மனிசி செத்தால் நீதான் பொறுப்பு எண்டும் சொல்லிட்டன். அவ போனை வைக்கல்ல. அழுகிற சத்தம் கேட்டிச்சு. நான்தான் வச்சன்.

மகள் எல்லாச் செலவுக்கும் தான் பொறுப்பெண்டு எழுதிக் கொடுத்திட்டா. அவட வீடு ஈட்டுக்குப் போகப் போகுது எண்டு தெரிஞ்சதில இருந்து, மனிசி ஒபரேசனுக்குச் சம்மதக் கையெழுத்து வைக்கமாட்டன் எண்டு ஒரே பிடியில நிண்டா.  நான் போனை வச்ச கையோட சொன்னா.

"அந்தப் பிள்ளைய ஏன் ஏசுறீங்க? அது எனக்கு ஆர்? நாப்பது வருசம் கூட இருந்த உங்களுக்கே நான் வருத்தக்காரி எண்டு தெரியல்லயே."

அவ கோபமாச் சொல்லல்ல. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பன். கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு கெஞ்சினன். கையெழுத்தை வை, நீ இல்லாட்டி எனக்கு ஒரு தேத்தண்ணி ஊத்தவும் தெரியாது எண்டன். பாருங்க, சாகக் கிடக்கிறவளிட்ட அந்த நேரத்திலயும் நான் கேட்டது தேத்தண்ணி. வெக்கம் கெட்டவன். அவ என்னைப் பார்க்கல்ல. கதவடியில நிண்டு அழுத மகளைக் கொஞ்ச நேரம் பார்த்திட்டு, பேனையை வாங்கினா.

பிழைச்சிட்டா. காப்புறுதிக்காரர் கடைசிவரைக்கும் இரங்கல்ல. மகளும் புருசனும் இப்பவும் லீவு நாளில கூட வேலைக்குப் போறாங்க.

ஒபரேசன் முடிஞ்ச மூண்டாம் நாள் அவவுக்குக் கதைக்க ஏலுமாப் போச்சு. ஆஸ்பத்திரிக்குப் போன முதல் நாளே டொக்டர் என்னட்டக் கேட்டு, நான் பதில் தெரியாமல் முழிச்ச ஒரு கேள்வியை அவட்டயே கேட்டன்.

"உனக்கு எப்ப இருந்து நடக்கக்குள்ள மூச்சு வாங்குது?"

"ரெண்டு வருசமிருக்கும். கல்லடிப் பாலத்தில நிப்பன்தானே" எண்டா.

ஊரில பின்னேரத்தில ரெண்டு பேரும் அந்தப் பாலத்தால நடக்கிறனாங்க. பாதிப் பாலத்தில அவ கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருவா. "நீங்க நடங்க, நான் வாவியப் பார்த்திட்டு வாறன்" எண்டு சொல்லுவா. பிறந்ததில இருந்து பார்க்கிற வாவியில இவ புதிசா என்னத்தைக் கண்டா எண்டு எனக்கு எரிச்சல் வரும். நான் நிக்கமாட்டன். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் திரும்பி, கெதியா வா எண்டு கையைக் காட்டுவன்.