ஒரு முறம் தவிடு

அழுதுகொண்டே வருபவர்களின் காகிதம் ஈரமாக இருக்கும். ஈரக் காகிதம் எந்திரத்தில் சிக்கிக்கொள்ளும். புதுச்சேரியில் நீதிமன்றத்துக்கு எதிரே பதினாறு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனாலேயே அழுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நெஞ்சில் ஈரம் இல்லாதவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். கார்குழலியை எனக்குப் பிடித்ததற்கு முதல் காரணமே, அவள் காகிதங்கள் எப்போதும் காய்ந்திருந்ததுதான்.

ஒன்றரை வருடம் வந்தாள். ரெட்டியார்பாளையத்தில் ஒற்றை அறை வீடு, கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை. தினமும் பதினெட்டுப் படுக்கை. அந்தக் கைப்பழக்கத்தில் என் மேசைமேல் கிடக்கும் காகிதங்களையும் மூலைக்கு மூலை சேர்த்து அடுக்கி வைத்துவிடுவாள். சும்மா சொல்லக் கூடாது, நான் சம்பளம் கொடுத்து வைத்த பெண்கள்கூட அப்படிச் செய்ததில்லை.

ஒருவருடைய காகிதங்களை மூன்று படி எடுத்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். கணவனின் இறப்புச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், காசநோய் குணமானதாக ஆஸ்பத்திரி கொடுத்த அட்டை. மீதிக் கதைக்கு நான்தான் அவள் வாயைப் பிடுங்கினேன்.

அவளுக்கு முதல் பிள்ளை எட்டாம் மாதம் வயிற்றிலேயே போனது. இரண்டாவது பதினோராம் நாள். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்தபோது வீட்டில் யாரும் சிரிக்கக்கூடப் பயந்தார்கள். அறிவுமதி என்று பெயர் வைத்தார்கள். முப்பதாம் நாள், கணவன் சக்கரபாணியின் அக்கா சின்னப்பாப்பா நெல்லித்தோப்பிலிருந்து ஒரு முறம் தவிட்டோடு வந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தவிட்டைக் கார்குழலியின் மடியில் கொட்டிவிட்டு, குழந்தையை அதே முறத்தில் கிடத்தி எடுத்துக்கொண்டாள். அதாவது, தவிட்டுக்கு வாங்கிக்கொண்டாள்.

பிறந்த பிள்ளை தங்காத வீடுகளில் செய்கிற காரியம்தான். பிள்ளை இன்னொருத்தியுடையது என்று ஆகிவிட்டால், தேடி வருகிற சாவு ஏமாந்து திரும்பிப் போகுமாம். சாயங்காலமே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். வளர்ப்பது பெற்றவள், பேச்சுக்கு மட்டும் வாங்கினவள் பிள்ளை. அந்தப் பேச்சு பிசகிவிடக் கூடாதே என்று, மழலை பேச ஆரம்பித்ததும் கார்குழலி தானே மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். சின்னப்பாப்பாதான் அம்மா. நான் அத்தை.

மதிக்கு மூன்று வயதில் சக்கரபாணி விழுப்புரம் சாலையில் லாரியில் அடிபட்டுப் போனான். அடுத்த வருடம் கார்குழலிக்கு இருமல் பிடித்தது. காசநோய், இரண்டு மாதமாவது குழந்தையைத் தள்ளி வை என்றார் டாக்டர். நெல்லித்தோப்புக்கு அழைத்துப் போய் நாத்தனார் கையில் விட்டாள். இரண்டு மாதம் ஆறானது. நோய் தீர்ந்து போய்க் கேட்டபோது, இந்த வருடப் பள்ளி முடியட்டும் என்றாள் சின்னப்பாப்பா. அது முடிந்ததும் இன்னொரு வருடம் என்றாள். ஞாயிறுதோறும் கார்குழலி போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற சமயம் முடிவாகக் கேட்டபோது, சின்னப்பாப்பா அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

“வித்த புள்ளைய எந்த மூஞ்சிய வச்சிக்கினு திரும்பக் கேக்குற?” என்றாளாம்.

அதன் பிறகுதான் வழக்கு. நான் சின்னப்பாப்பாவைப் பார்க்காமலே மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அவளே ஒருநாள் கடைக்கு வந்தாள், அவள் பக்கத்து வக்கீல் கேட்ட நகல்களுக்காக. மதிக்குப் போட்ட தடுப்பூசி அட்டை, அம்மை வார்த்தபோது எழுதிய மருந்துச் சீட்டு, ஒவ்வொரு பரீட்சை மதிப்பெண்ணும் பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஒரு மடிப்புக்கூட இல்லை. எதிர்க்கட்சிக்காரி என்று தெரிந்தும் என்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியவில்லை.

“அவ வூட்ல ரெண்டு போயிடுச்சு. இது எம் பேர்ல இருக்கறதாலதான் இருக்குது. நான் எப்படிக் குடுப்பேன், நீயே சொல்லு” என்றாள்.

நான் நகல்களை எண்ணாமலே கொடுத்து அனுப்பினேன்.

கார்குழலியின் வக்கீல் தேவதாஸ் கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர். தவிட்டு விஷயத்தை எதிர்த்தரப்பு எழுப்பும் என்று அவருக்குத் தெரியும். “அதெல்லாம் வெறும் சடங்கு, மூடநம்பிக்கை” என்று சொல்லும்படி ஒரு வாரம் அவளுக்குப் பாடம் நடத்தினார். விசாரணை அன்றைக்கு நீதிபதி அம்மாவே கேட்டாராம், அது சும்மா ஒரு சம்பிரதாயம்தானே என்று. ஒரு வாரப் பாடமும் வீணாய்ப் போனது. இவள், “வித்தது நெசந்தாங்கம்மா” என்று சொல்லிவிட்டாள். தேவதாஸ் என் கடைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் வந்ததும் பிடித்துக்கொண்டேன். உனக்குப் புள்ள வேணுமா வேணாமா என்று கேட்டேன்.

அவள் மேசைமேல் கிடந்த காகிதங்களை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “வேணும்க்கா. உசுரோட வேணும். அது சும்மான்னு என் வாயால சொல்லிட்டு, நாளைக்கி அதுக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவளிடம் போய் நான் பகுத்தறிவு பேசுவதா?

நீதிபதி மதியைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். தீர்ப்பு நான்கு மாதம் கழித்து வந்தது. தவிட்டு விற்பனையைச் சட்டம் அறியாது; தாய் நலமாக இருக்கிறாள், வேலையும் இருக்கிறது; குழந்தை தாயிடம் போக வேண்டும். மாதத்தில் இரண்டு ஞாயிறு சின்னப்பாப்பா பார்க்கலாம். ஏப்ரல் கடைசியில், பள்ளி விடுமுறை விட்டதும், நீதிமன்றத் தாழ்வாரத்தில் வைத்து ஒப்படைப்பது என்று ஏற்பாடு.

அன்று காலை கார்குழலி முதலில் என் கடைக்குத்தான் வந்தாள். ஒரு கையில் புது முறம், இன்னொரு கையில் கனமான பை. பைக்குள் தவிடு. மாட்டுத்தீவனக் கடையில் கோதுமைத் தவிடுதான் இருந்ததாம். அது ஆகாது என்று வில்லியனூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போய் நெல் தவிடே வாங்கி வந்திருக்கிறாள். விற்ற மாதிரியே திருப்பி வாங்கிவிட்டால் குற்றமில்லையாம். யார் சொன்னது என்று கேட்டேன். பெரியவங்க சொல்லுவாங்கக்கா என்றாள். அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டது என்றுதான் எனக்குப் பட்டது.

“வாங்கிட்டேன்னா என்னிய அம்மான்னு கூப்புடச் சொல்லலாம் இல்லக்கா?” என்றாள். எட்டு வருடமாக அவள் ஒருநாளும் காதால் கேட்காத சொல்.

வேடிக்கை பார்க்கத்தான் நானும் கூடப் போனேன். மறைப்பானேன்? தாழ்வாரத்தில் சின்னப்பாப்பா மதியோடு நின்றிருந்தாள். ரெட்டைப் பின்னல், புது கவுன், பக்கத்தில் இரண்டு பை நிறையத் துணிமணி. கார்குழலி குனிந்து முறத்தைத் தரையில் வைத்தாள், தவிட்டைக் கொட்டி நிரவினாள், முன்னால் தள்ளினாள். “எடுத்துக்குங்க அண்ணி” என்றாள்.

சின்னப்பாப்பாவும் குனிந்தாள். பிறகு முறத்தின் விளிம்பைப் பிடித்துத் திரும்பத் தள்ளினாள்.

“தவுடு வேணாம்.”

கோர்ட் உத்தரவு இருக்கிறது, தகராறு பண்ணக் கூடாது என்று தேவதாஸ் குறுக்கே வந்தார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. “புள்ளைய இட்டுக்கினு போவட்டும் சார், நான் தடுக்கல” என்றாள். பிறகு கார்குழலியிடம் சொன்னாள். “இத நான் வாங்கிக்கினா அது உம் புள்ள ஆயிடும் குழலி. உன் வூட்டுக்கு அது உம் புள்ளையா வர வேணாம். எம் புள்ளையாவே வந்து இருக்கட்டும்.”

தேடி வருகிற சாவு ஏமாந்தே இருக்கட்டும் என்கிறாள் என்று எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. கார்குழலிக்கு உடனே விளங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். கையில் இருந்த உத்தரவு நகல் நனைந்து ஒட்டிக்கொண்டது. அதை உலர்த்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு. இன்னொரு படி எடுத்துக் கொடுத்தேன்.

தவிட்டைப் பையில் அள்ளிக்கொண்டு கார்குழலியும் மதியும் என் கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். மதி விவரமான பெண். இடம் மாறுகிறோம், ஆளும் மாறுகிறது என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்.

“இனிமே உங்கள நான் இன்னான்னு கூப்புடணும்?”

கார்குழலி அவள் பின்னலை எடுத்து முன்னால் போட்டாள். பஸ் வளைவு திரும்பி வந்துகொண்டிருந்தது.

“அத்தைன்னே கூப்புடு” என்றாள்.