ஐந்தடி வட்டம்

மூன்றாம் வகுப்பில் கைவேலைக்கு முதல் மதிப்பெண் எனக்குத்தான். கத்தரி கோட்டின் மேலேயே நகர வேண்டும், இம்மி விலகக் கூடாது என்பார் டீச்சர். நான் விலகியதே இல்லை. அதுதான் வினையாயிற்று.

அப்போது ஆம்பூரில் அம்மாவின் தம்பியும் எங்களோடு இருந்தார். டிப்ளமா முடித்து டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்த அந்த மாமாவை, ஒரு தோல் தொழிற்சாலை முதலாளி கூப்பிட்டனுப்பினார். பதப்படுத்திய தோலைச் சதுர அடி பார்த்துத்தான் விற்பார்கள். அதை அளக்க எந்தக் காலத்திலோ வெளிநாட்டிலிருந்து வாங்கிய மின்னணு இயந்திரம் ஒன்று, கொட்டகையில் துருவேறிக் கிடந்தது. மேலே வரிசையாக விளக்குகள், கீழே வரிசையாக ஒளியைப் பார்க்கும் கண்கள். நடுவில் தோல் நுழைந்து வந்தால் எத்தனை அடி என்று சிவப்பு எண்கள் எரியும். அதைச் சரியாக ஓட வைத்தால் நிரந்தர வேலை என்றார் முதலாளி. மாமா ஏழு மாதம் அதோடு குடித்தனம் நடத்தினார். செத்துப்போன கண்களையும் வெந்துபோன போர்டுகளையும் ஒவ்வொன்றாக மாற்றினார்.

கடைசியில் எண்கள் எரிந்தன. ஆனால் எரிகிற எண் சரியான எண்ணாக இருக்க வேண்டுமே. அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வட்டத்தை முதலாளி வரவழைத்தார். எக்ஸ்ரே படம் போல மெல்லிசு. பரப்பு மிகச் சரியாக ஐந்து சதுர அடி. அதை உள்ளே விட்டு, ஐந்து என்று காட்டும்வரை திருகைத் திருப்ப வேண்டும். தொழிற்சாலையில் ஈரமும் எலியும் ஜாஸ்தி என்று மாமா சனிக்கிழமை அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மெத்தைக்கடியில் வைத்தார்.

மறுநாள் அது என் கண்ணில் பட்டது. ஓரத்தில் இரண்டு மூன்று இடங்களில் பிசிறு தெரிந்தது. விளிம்பிலிருந்து அரை விரல் அகலம் உள்ளே ஒரு கறுப்புக் கோடு வட்டமாக ஓடியது. அதை எதற்காகப் போட்டார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. வெட்ட மறந்துவிட்டார்கள், பாவம் என்று நினைத்தேன். அம்மா ஷூவின் மேல்பாகம் தைக்கிறவள். அவள் கத்தரிக்குப் பிளாஸ்டிக் எம்மாத்திரம்? கோட்டின் மேலேயே வெட்டி, வட்டத்தை இருந்த இடத்தில் வைத்தேன். மாமாவிடம் சொல்லவில்லை. அவராகவே பார்த்து மெச்சட்டும் என்று காத்திருந்தேன்.

மாமா கவனிக்கவில்லை. நடுவில் அச்சிட்டிருந்த எண்ணை மட்டும் பார்த்து இயந்திரத்தைத் திருத்தினார். குறைந்துபோன வட்டத்தை ஐந்தடி என்று நம்பிய அந்த இயந்திரம் எல்லாத் தோலையும் கூட்டியே காட்டியது. இருபதடித் தோல் இருபத்தோரடி ஆயிற்று. இத்தனை நாளும் தோலை அளந்துவந்த, சக்கரம் வைத்த பழைய மிஷின்தான் அடியைக் குறைத்துக் காட்டித் தன்னை ஏமாற்றியிருக்கிறது என்று முதலாளி பூரித்துப்போய், வீட்டுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் எங்கள் தெருவில் மாமாதான் பெரிய மனிதர்.

பதினைந்தாம் நாள் சரக்கு வாங்கிய கம்பெனி லாரியோடு அத்தனையும் திருப்பி அனுப்பியது. ஒரு தோல் விடாமல் அடி குறைகிறது, இது தெரிந்தே செய்த மோசடி என்றார்களாம். முதலாளி ஆடிப்போய்விட்டார். ஆட்கள் எல்லோர் முன்னாலும் மாமாவைப் பார்த்து, "இன்னாப்பா, என்னையே திருடனாக்கிட்டியே" என்று கேட்டிருக்கிறார். மூன்று நாள் மாமா இயந்திரத்தை அக்கக்காகப் பிரித்துப் பார்த்தார். ஒரு கோளாறும் அகப்படவில்லை. நான்காம் நாள் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த ஞாயிறு சாப்பாட்டின்போது மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அஞ்ச உள்ள விட்டா அஞ்சுதான் காட்டுது. தோல விட்டா மட்டும் எப்டிக்கா ஜாஸ்தி வரும்? என் கை போச்சுக்கா. இனிமே ஒரு ரேடியோவத் தொடக்கூட பயமா இருக்கு."

"எந்த அஞ்சு மாமா?" என்றேன்.

"அந்த ரவுண்டு பிளாஸ்டிக், பாப்பா. மெத்தைக்குக் கீழ வெச்சிருந்தேனே."

"அதுவா? நான்தான் கோட்டு மேலயே நீட்டா கட் பண்ணி வெச்சேன்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி குழம்புக்குள் முழுகிப்போனது. மாமாவின் வாய் திறந்தபடி நின்றது. அடுத்த நொடி என் முதுகில் இடி இறங்கியது. அம்மா அதற்கு முன் என்னை அடித்ததில்லை. வலியைவிடத் திகைப்புதான் அதிகம். இப்போது முப்பதைத் தாண்டியும் நினைத்தால் எனக்குப் பகீரென்கிறது.

"அடிக்காதக்கா, இரு. பாப்பா, எவ்ளோ உள்ள தள்ளி வெட்டுன?"

விரல் அகலத்தில் பாதியைக் காட்டினேன். மாமா எச்சில் கையாலேயே தரையில் கணக்குப் போட்டார். இரண்டு முறை போட்டார்.

"இருபதுக்கு இருபத்தொண்ணு. அப்டியே வருதுக்கா," என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வழிய வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார்.

மறுநாள் போய், வட்டத்தைச் சரிபார்க்காதது தன் தப்பு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தார். என் பேச்சையே எடுக்கவில்லை. வேலையும் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா சிரித்தபோது, முதுகைத் தடவிக்கொண்டே நானும் சேர்ந்து சிரித்தேன். ஒருவழியாக என் கத்தரி வேலையை மெச்சுகிறார் என்று நினைத்தேன். தன் கை போகவில்லை என்று தெரிந்த ஒருவர் அப்படியும் அழுவார் என்பது எனக்கு அப்போது தெரியாது.